நேர்சிங் படிப்பவர்களின் பிளேஸ்மென்ற்றுக்குச் சம்பளம் வேண்டும்

பி.எஸ்.டபிள்யூ. (முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் உதவியாளர்) வேலை செய்துகொண்டே நேர்சிங் படிக்கலாமா, பிள்ளைகள் இன்னும் சின்னன், சமாளிக்க ஏலுமா என்று அண்மையில் கனபேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை, இதைப் பற்றிப் பொதுவில் சொல்லவும் எனக்கு நிறைய இருக்கிறது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். படிக்கலாம். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ. ஆக இருந்து, இரண்டு பிள்ளைகளோடு படித்து, இப்போது ஆர்.பி.என். ஆக, அதாவது டிப்ளோமா முடித்துப் பதிவு எடுத்த நேர்ஸாக வேலை செய்கிறேன். ஆனால் மனமிருந்தால் எல்லாம் நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க என்னால் ஏலாது. மனமும் இருந்து, நல்ல மார்க்ஸும் இருந்து, மூன்றாவது செமஸ்ரரில் விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். படிப்பு ஏறாமல் அவர்கள் போகவில்லை. வாடகை கட்டுவதற்காகப் போனார்கள்.

ஒன்ராறியோவில் ஆர்.பி.என். ஆவதற்கு இரண்டு வருட டிப்ளோமா. சென்ரெனியல், செனெக்கா, ஹம்பர், ஜோர்ஜ் பிறவுண் என்று இந்தப் பக்கத்துக் கொலிஜ்களில் இருக்கிறது. முடித்துவிட்டு, 2022 இல் வந்த ரெக்ஸ்-பி.என். சோதனையும் பாஸ் பண்ணிப் பதிவு எடுத்தால்தான் நேர்ஸ். (ஆர்.என். என்ற அடுத்த நிலை நேர்ஸ் என்றால் 2005 இலிருந்து பட்டப்படிப்புக் கட்டாயம், அது நாலு வருடம், அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.) இரண்டு வருடம்தானே என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இருந்து படித்தால் வரும். மனிசரை முறிப்பது கிளினிக்கல், அதாவது ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ நின்று பழகுகிற பிளேஸ்மென்ற்தான்.

காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றால் ஆறே முக்காலுக்கு முந்தின ஷிஃப்ட் ஆட்களிடம் ரிப்போர்ட் எடுக்க அங்கே நிற்க வேண்டும். பிள்ளைகளின் டேகெயர் திறப்பது ஏழு மணிக்கு, சில இடங்களில் ஏழரைக்கு. இந்த இடைவெளியை யார் நிரப்புவது? எந்தக் கொலிஜ் கையேட்டிலும் இதற்குப் பதில் இல்லை, பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோதான் பதில். கிளினிக்கல் ஸ்காபரோவிலேயே கிடைக்கும் என்றும் இல்லை, ஏஜக்ஸில் போடலாம், நோர்த் யோர்க்கில் போடலாம், எந்தக் கிழமை, எந்த இடம் என்பதைச் செமஸ்ரர் தொடங்கக் கிட்டத்தான் சொல்வார்கள். வேலைத்தலத்திலோ அட்டவணை பல கிழமைகளுக்கு முன்னமே போட்டாயிற்று. இரண்டுக்கும் நடுவில் நின்று ஒவ்வொருவரிடமும் ஷிஃப்ட் மாற்றச் சொல்லிக் கெஞ்சுவது யார்? நாங்கள்தான். என்95 மாஸ்க் ஃபிற் ரெஸ்ற், சி.பி.ஆர்., பொலிஸ் செக், காசநோய்ப் பரிசோதனை எல்லாம் எங்கள் சொந்தக் காசில். கிளினிக்கல் மணித்தியாலங்களைத் தவறவிட்டால் அந்தப் பாடமே போகலாம், போனால் அது திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதே கணக்குத்தான்.

கடைசிச் செமஸ்ரர் இன்னும் மோசம். அப்போது உங்களுக்கென்று ஒரு நேர்ஸைப் பொறுப்பாக விடுவார்கள், அவருக்கு எந்த ஷிஃப்டோ அதுதான் உங்களுக்கும். பகல், இரவு, சனி, ஞாயிறு, பன்னிரண்டு மணித்தியாலம். அதுவரை சனி ஞாயிறு வேலை செய்து வீட்டை ஓட்டியவர்களுக்கு அந்த வருமானமும் அங்கே நின்றுபோகும். இத்தனைக்கும் சம்பளம் ஒரு சதம் இல்லை, நாங்கள்தான் ஃபீஸ் கட்டுகிறோம்.

நான் செய்தது இதுதான். படிப்புத் தொடங்க முன்னமே முழுநேர வேலையை விட்டுக்கொடுத்து வாரக்கடைசிப் பகுதிநேரத்துக்கு மாறினேன். அதனால் பல்லு, மருந்து பெனிஃபிற் எல்லாம் போனது. அதற்குப் பதிலாகச் சம்பளத்தோடு சேர்த்துத் தருகிற சிறு வீதத்தில் ஒரு பிள்ளையின் பல்லுக் கட்டவும் காணாது. இதை என் புருஷனோடு இருந்து ஒரு இரவு முழுக்கக் கதைத்து, எந்தச் செலவை நிறுத்துவது, எதைத் தள்ளிப்போடுவது, எந்தக் கிழமை யார் சமைப்பது என்றெல்லாம் கொப்பியில் எழுதித்தான் முடிவெடுத்தோம். அந்தக் கதை படிப்புத் தொடங்க முன்னமே நடக்க வேண்டும். மனைவி படிக்கத் தொடங்கி, களைத்து, அழுது, அதற்குப் பிறகு புருஷன் 'நான் என்ன செய்யலாம்' என்று கேட்பது உதவியே இல்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதும் குளிக்கவார்ப்பதும் உதவி என்று சொல்வதையும் நிறுத்துங்கள், அது தகப்பனின் வேலை.

எங்கள் வீட்டில் என்னைக் காப்பாற்றியது மாமி. முதலில் அவவுக்கு நான் படிக்கப் போவதில் பெரிய சந்தோஷமில்லை, இந்த வயதில் ஏன் என்றுதான் கேட்டா. பிறகு லாப் சோதனைக்காகப் பிரஷர் எடுத்துப் பழக எனக்கு ஒரு கை தேவைப்பட்டது. குசினி மேசையில் மாமியின் கையை நீட்டிவைத்து, கஃபைச் சுற்றி, ஸ்ரெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து, காற்றை மெல்ல மெல்ல இறக்கி, முதல் சத்தம் எங்கே கேட்கிறது, எங்கே நிற்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மாமி தன்ரை டொக்டர் கூட இவ்வளவு நேரம் கையைப் பிடித்ததில்லை என்றா. கொஞ்சக் காலத்தில் சோறு அடுப்பில் இருக்கும்போதே தானாக வந்து கையை நீட்டி, 'பிள்ளை, இண்டைக்கு எவ்வளவு?' என்று கேட்கத் தொடங்கிவிட்டா. கிளினிக்கல் நாட்களில் நான் எழும்ப முன்னமே சாப்பாட்டுப் பெட்டி கட்டி வைத்திருப்பா. மூத்தவன் அப்போது ஏழாம் வகுப்பு, துளிக் கணக்கை அவனோடு இருந்துதான் செய்தேன். எட்டு மணித்தியாலத்தில் 1000 மில்லிலீற்றர் சேலைன் ஏற்ற வேண்டும், செற் ஒரு மில்லிலீற்றருக்கு 15 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி? 31 என்று அவன் எனக்கு முன்னமே சொல்லிவிடுவான். வீட்டுக்காரரைப் படிப்புக்குள்ளே இழுத்துவிடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு தனிய இருந்து படித்தால் அவர்களுக்கு உங்கள் படிப்பு ஒரு தொல்லையாகத்தான் தெரியும்.

ஆனால் எல்லாருக்கும் மாமி இல்லை. தனியப் பிள்ளை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், புருஷன் லொறி ஓடிக் கிழமைக்கு ஒருநாள் வீட்டுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஊருக்குக் காசு அனுப்ப வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழுவரை வேலை செய்துவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறார்கள். இப்போது மாணவர்கள் என்னோடு வந்து பழகுகிறார்கள். அப்படி வந்த ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி, இன்சுலின் பேனாவில் 8 யூனிற் வைக்க வேண்டிய இடத்தில் 18 வைத்துவிட்டு ஊசியோடு நடக்கத் தொடங்கினா. பக்கத்தில் நின்று சரிபார்ப்பது என் வேலை என்பதால் பிடித்தேன். நேற்று எப்ப படுத்தனீர் என்று கேட்டேன், அந்தப் பிள்ளை பதில் சொல்லவில்லை. பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தால் மூளையும் கையும் இரத்தத்தில் 0.05 வீத மதுவோடு இருப்பதுபோலத் தடுமாறும் என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997 இலேயே காட்டிவிட்டார்கள். ஒன்ராறியோவில் 0.05 இல் காரோடினால் பொலிஸ் அந்த இடத்திலேயே லைசென்ஸைப் பறிக்கும். அதே நிலையில் ஒருவர் மருந்து கொடுக்கப் பழகலாம், பிறகு 401 நெடுஞ்சாலையில் ஏறி வீட்டுக்கு ஓடிப்போகலாம், அதை நாங்கள் விடாமுயற்சி என்று பாராட்டுகிறோம். எனக்கு இதில்தான் கோபம்.

எலக்றீசியன் பழகுகிற தம்பிக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம். அவர் வகுப்புக்குப் போகும் கிழமைகளில் ஈ.ஐ. (வேலையில்லாதோர் காப்புறுதிக் காசு) எடுக்கவும் வழி இருக்கிறது. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். இலங்கையில் அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்கு மாதாமாதம் கொடுப்பனவு இருக்கிறது. இங்கிலாந்தில் 2017 இல் பேர்சரி என்ற மாணவர் உதவிப் பணத்தை நிறுத்தினார்கள், பிறகு 2020 இலிருந்து நேர்சிங் மாணவர்களுக்கு வருடம் 5,000 பவுண்ஸ், திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று கொடுக்கத் தொடங்கினார்கள். அவுஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து நேர்சிங், ஆசிரியர், சமூகப்பணி படிப்பவர்களுக்குக் கட்டாயப் பிளேஸ்மென்ற் கிழமைகளில் வாரம் 300 டொலருக்கு மேல் அரசாங்கம் கொடுக்கிறது. வருமானம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் இல்லை, என்றாலும் அந்த மணித்தியாலங்களுக்கு ஒரு விலை இருக்கிறது என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது.

ஒன்ராறியோ ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 இல் 100 மில்லியன் டொலர் ஒதுக்கி, பி.எஸ்.டபிள்யூ. ஆக இருப்பவர்கள் ஆர்.பி.என். ஆகவும், ஆர்.பி.என். கள் ஆர்.என். ஆகவும் படிக்க உதவித் திட்டம் கொண்டுவந்தார்கள், படித்து முடித்ததும் முதியோர் பராமரிப்பில் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. இப்போதும் இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள், இருந்தால் விண்ணப்பியுங்கள். ஆனால் அது ஃபீஸைப் பார்க்கும், வேலையைக் குறைத்ததால் போன சம்பளத்தைப் பார்க்காது. ஓசாப் (மாகாண அரசின் மாணவர் உதவி) கணக்கிலும் புருஷனின் வருமானத்தைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், அவருக்குக் கொஞ்சம் நல்ல வேலை என்றால் உங்களுக்குக் கிடைக்கும் கிராண்ட் குறைந்துவிடும்.

சம்பளம் கொடுத்தால் மாணவரை ஆள் பற்றாக்குறைக்கு நிரப்பிவிடுவார்கள், படிப்புக் கெட்டுவிடும் என்று ஒரு சீனியர் நேர்ஸ் என்னிடம் சொன்னா. நியாயமான பயம். முந்தி இங்கேயும் ஆஸ்பத்திரிகளே நேர்சிங் பள்ளி நடத்தி, மாணவிகளை வைத்தே வார்ட்டை ஓட்டின காலம் இருந்தது, 1973 இல்தான் அது கொலிஜ்களுக்குப் போனது. அதனால்தான் காசு வார்ட்டிலிருந்து வராமல் அரசாங்கத்திடமிருந்து மாணவர் கைக்கு நேரே வர வேண்டும் என்கிறேன். யாருக்கும் சம்பளப் பட்டியலில் பேர் வராது, படிக்கிறவர் படிக்கிறவராகவே இருப்பார்.

அதுவரைக்கும் எங்கள் சனம் செய்யக்கூடியதும் இருக்கிறது. படிக்கிறவர் சாமத்தியவீட்டுக்கு வரவில்லை, பிறந்தநாளுக்கு வரவில்லை என்று கோபிக்காதீர்கள். இரண்டு வருடம் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை உங்கள் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கோ மிருதங்கத்துக்கோ ஏற்றிப் போகும்போது அவவின் பிள்ளையையும் ஏற்றுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு பிள்ளையை உங்கள் சோஃபாவில் படுக்கவிட்டுப் போக அனுமதித்தால் அது ஆயிரம் வாழ்த்தை விடப் பெரிது.

கொலிஜ் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. கிளினிக்கல் அட்டவணையை ஒரு மாதத்துக்கு முன் தாருங்கள். இதற்குப் பட்ஜெற் தேவையில்லை. அப்புறம், ஸ்காபரோவில் தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் தமிழில் வணக்கம் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது, நேர்சிங் பிளேஸ்மென்ற்றுக்கு அவுஸ்திரேலியா கொடுப்பதை நீங்கள் எப்ப கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.