கூட்டம் திருகோணமலையில், திறைசேரி கொழும்பில்

அமைச்சரவையைக் கொழும்புக்கு வெளியே கூட்டினால் மாவட்டத்துக்கு விடிவு வந்துவிடுமாம்! 2010 ஜூலையில் கிளிநொச்சியில் கூட்டியபோதும் இதையேதான் சொன்னார்கள். திருகோணமலையிலும் ஒருநாள் கூட்டட்டும் என்று கேட்பவர்களே, அந்த மேசைக்கு என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு வேலைக்கு அனுமதி கேட்டு அமைச்சர் கையொப்பமிட்ட அமைச்சரவைப் பத்திரம் அமைச்சரவை அலுவலகத்துக்குப் போக வேண்டும். காசு சம்பந்தப்பட்டதென்றால் நிதி அமைச்சின் அவதானிப்பும் வேண்டும். அதன் பிறகுதான் நிகழ்ச்சி நிரல். கூட்டத்தன்று காலை வாசலில் நின்று நீட்டுகிற மனு எந்த நிரலிலும் ஏறாது, யாரோ ஒரு இணைப்புச் செயலாளரின் பைலுக்குள் கிடந்து மஞ்சளாகும். அதற்குள் உத்தியோகத்தர்களையெல்லாம் முன்னேற்ற அறிக்கை தயாரிக்க இழுத்துவிடுவார்கள். காணிப் பெமிட்டுக்காக இரண்டு பஸ் மாறி வந்த அம்மாவுக்கு, "ஐயா கூட்டத்தில, அடுத்த கிழமை வாங்க."

சரி, முடிவே எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். காசு? நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. வரவு செலவுத் திட்டத்தில் இல்லாத வேலையை ஆண்டு நடுவில் அறிவித்தால் அதற்குக் காசு தேடவே மாதங்கள் போகும். பிறகு மதிப்பீடு, கேள்விமனு, ஒப்பந்தம். ஒப்பந்தகாரர் வீதிக்குக் கிறவல் மண் ஏற்றும்போது ஒக்டோபர், வாடை மழை தொடங்கிவிடும். மூதூர், கிண்ணியா வயல் வீதிகளில் லொறி அச்சுவரை புதையும். ஈரம் கூடிய கிறவல் எத்தனை தரம் உருளை ஓட்டினாலும் இறுகாது, கையால் அழுத்தினாலே பிதுங்கும். அதையும் அளந்து பில் போடுவார்கள், தை பிறக்கக் குழி. டிசம்பருக்குள் வேலை முடியாவிட்டால் மிச்சக்காசு திறைசேரிக்கே, அரசின் பணப்பெட்டிக்கே, திரும்பும். இது எங்கே கூடினார்கள் என்பதால் வருகிற கோளாறு அல்ல, எப்போது கூடினார்கள், எந்தக் காசோடு கூடினார்கள் என்பதால் வருவது.

கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடியும்வரை பிள்ளைகள் பத்திரமாகக் கடக்க ஒழுங்கு இல்லை. 2021 நவம்பர் 23 காலையில் இழுவைப் படகு கவிழ்ந்தது, பள்ளிக்கூடப் பைகள் தண்ணீரில் மிதந்தன. ஒரு பாலத்தை அறிவிக்கும்போதே அதற்கான மாற்றுப் பாதையையும் அதே பத்திரத்தில் எழுத யாருக்கும் கை வலிக்காதே!

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அமைச்சர்களை ஹெலியில் இறக்குவதற்கு முன்னால் அதற்குத் தேர்தலை வையுங்கள். அதற்கும் மேலே வரத்தான் வேண்டுமென்றால் பெப்ரவரிக்குள் வாருங்கள், மார்ச் முதல் செப்டம்பர் வரை வேலைக்கு வெயில் கிடைக்கும். ஆறு கிழமைக்கு முன்பே 11 பிரதேச செயலகங்களிடமும் எழுத்தில் கேளுங்கள். எந்த ஒதுக்கீட்டிலிருந்து காசு என்று காட்டும் செலவுத் தலைப்பு இலக்கத்தோடு திறைசேரி அதிகாரி மேசையில் இருக்கட்டும். முடிவுக் கடிதம் தமிழிலும் வரட்டும், மொழிபெயர்ப்புக்கு இன்னொரு மாதம் காத்திருக்க எங்களால் முடியாது.