பொலராய்டு ஊழியர்களையும் சேர்த்து எழுதுங்கள்

தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டத்தை 1986-இல் அதிபர் ரேகனின் வீட்டோவையும் (தடுப்பு அதிகாரம்) மீறி அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றியதை உங்கள் தொடர் கட்டுரை நன்றாக விளக்குகிறது. ஆனால் அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்க கேமரா நிறுவனமான பொலராய்டுக்குள் வெடித்த போராட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

1970-இல் அங்கே வேதியியலாளராக இருந்த கரோலின் ஹன்டரும் உடன் வேலை பார்த்த கென் வில்லியம்ஸும் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் அடையாள அட்டை மாதிரி ஒன்றை அலுவலகத்திலேயே பார்த்தார்கள். கறுப்பின மக்கள் எங்கே போகலாம், எங்கே வேலை செய்யலாம் என்று கட்டுப்படுத்திய பாஸ்புக் என்ற அடையாளப் புத்தகத்துக்குத் தங்கள் கம்பெனியின் கேமராவும் பயன்படுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் துண்டறிக்கை, ஆர்ப்பாட்டம், பொலராய்டை வாங்காதீர்கள் என்ற பிரசாரம். ஹன்டரை வேலையைவிட்டே நீக்கினார்கள். சம்பளம் தரும் முதலாளியை எதிர்த்து, கடல் கடந்த மக்களுக்காக நின்றது சாதாரணத் துணிச்சலா? 1977-இல்தான் பொலராய்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறியது, அதுவும் அங்கிருந்த அதன் விநியோகஸ்தர் ரகசியமாக நிறவெறி அரசுக்குப் பொலராய்டு பொருள்களை விற்றது அம்பலமான பிறகு.

1984-இல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களும் நிறவெறியை எதிர்த்து தென்னாப்பிரிக்கச் சரக்கை 11 நாள் இறக்க மறுத்தார்கள். அதையும் அடுத்த பகுதியில் எழுதுங்கள்.