பிலாலோடு நிறுத்திவிடாதீர்கள்

இனவெறி பற்றி நாம் எழுதும்போது, 'இஸ்லாத்தில் இனவெறி இல்லை, அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பின நபித்தோழர் பிலால் (ரலி) அவர்களே சாட்சி' என்று கட்டுரை முடிந்துவிடுகிறது. மார்க்கத்தில் இல்லை, சரி. முஸ்லிம்களிடமும் இல்லையா?

புகாரி நபிமொழித் தொகுப்பில் வரும், நபித்தோழர் அபூதர் (ரலி) பற்றிய ஹதீஸைப் பாருங்கள். அபூதர் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்துகிறார். 'உம்மிடம் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது' என்று நபி (ஸல்) அவர்கள் நேருக்கு நேர் கண்டிக்கிறார்கள். (அந்த ஒருவர் பிலால்தான் என்று மேடைகளில் சொல்வார்கள், புகாரியின் வாசகத்தில் பெயர் இல்லை.) ஹதீஸ் அதோடு நிற்கவில்லை. நீங்கள் உண்பதையே உங்கள் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலை ஏவாதீர்கள், ஏவினால் கூட நின்று உதவுங்கள் என்று தொடர்கிறது. ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பகுதிதான்.

அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸின் கதையையும் பாதியில் வெட்டிவிடுகிறோம். எல்லா நிறத்தவரும் சகோதரர்களாக நின்றதைக் கண்டு மக்காவிலிருந்து அவர் எழுதிய 1964 ஹஜ் கடிதம் எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு ஜூனில் அவர் ஆப்ரோ-அமெரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கினார். ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களிடம், அமெரிக்கக் கறுப்பர்களின் பிரச்சினையை ஐ.நா.வில் எழுப்பக் கேட்டார். ஹஜ்ஜுக்குப் பிறகு அவருடைய போராட்டம் விரிந்ததே தவிர ஓயவில்லை.

பள்ளிவாசலில் இனவெறிக்கு எதிரான வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் நிக்காஹ்விலிருந்து (திருமணத்திலிருந்து) தொடங்குங்கள். தோளோடு தோள் நின்று தொழுபவரே, கறுப்பின மாப்பிள்ளை என்றதும் பின்வாங்கும் இடம் அது. மறுப்புக்குக் காரணம் மார்க்கமா, குணமா, நிறமா என்று வலீயிடம் (பெண்ணின் பொறுப்பாளரிடம்) இமாம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். 'குடும்பத்துக்குச் சரிவராது' என்ற மழுப்பலை ஏற்றுக்கொண்டு எழுந்து வந்துவிடக் கூடாது.