ஸ்டைனர் பள்ளியில் நான் கண்ட நல்லதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளிக்கும் வர வேண்டும்

பிள்ளைக்கு நாலு வயது ஆகிவிட்டால் போதும், "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று ஊரே கேட்க ஆரம்பித்துவிடும். இந்தக் கேள்வியில் சலித்துப்போன பினாங்குத் தமிழ்ப் பெற்றோர் சிலர் இப்போது, ஏழு வயதுவரை எழுத்தைத் திணிக்காமல் கதை, பாட்டு, கைவேலை வழியே கற்பிக்கும் ஸ்டைனர் முறை மையங்களைத் தேடிப் போகிறார்கள். வால்டோர்ஃப் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். என் மகள் பாலர் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்பு முடியும்வரை பினாங்குத் தீவில் அப்படி ஒரு மையத்தில் இருந்தாள். இரண்டாம் ஆண்டுக்கு, பாலத்தைத் தாண்டி நிலப்பக்கத்தில் இருக்கும் பிறைப் பக்கம் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளிக்கு மாறினாள். அதனால் "சேர்க்கலாமா அக்கா?" என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த முறையில் இருக்கும் நல்லது மிகவும் நல்லது. அது மாதக் கட்டணம் கட்ட வசதியுள்ள சில குடும்பங்களோடு நின்றுபோவது நியாயமே இல்லை. நம் தமிழ்ப்பள்ளிகளின் முதல் மூன்று ஆண்டுகளில் அதைச் செய்ய இடமிருக்கிறது.

இந்தப் பள்ளி யாருக்காகத் தொடங்கியது என்பதைப் பலர் சொல்வதில்லை. 1919-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வால்டோர்ஃப் அஸ்டோரியா என்ற சிகரெட் தொழிற்சாலை இருந்தது. அதன் முதலாளி எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ருடோல்ஃப் ஸ்டைனர் என்ற சிந்தனையாளரிடம் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் பள்ளி திறந்தது. ஆணும் பெண்ணும், தொழிலாளி பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்து ஜெர்மனியில் அது பெரிய விஷயம். 1938-இல் நாஜி அரசு அந்தப் பள்ளியை மூடியது, போருக்குப் பிறகு மறுபடியும் திறந்தார்கள். இன்று உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டைனர் பள்ளிகள் இருக்கின்றன.

தீவின் பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வணிக வளாகம் வந்ததிலிருந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலப்பக்கத்தில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலை பேருந்துகளை நம்பித்தான் வாழ்கின்றன. நானும் ஷிஃப்ட் பார்த்தவள்தான். தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஒரு கல்வி, இங்கே தொழிலாளர் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? காலையில் பிள்ளைகள் வந்ததும் வட்டமாக நிற்பார்கள். பாட்டு, கைத்தட்டு, காலடித் தாளம். ஓரடி மெதுவாக, அடுத்த அடி அழுத்தமாக. அழுத்தும் அடியில் மட்டும் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: 2, 4, 6, 8. இரண்டாம் வாய்ப்பாட்டை என் மகள் அப்படிக் காலாலேயே கற்றுக்கொண்டாள். அப்புறம் முதன்மைப் பாடம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மூன்று நான்கு வாரத்துக்குக் கணக்கு என்றால் கணக்கு, மொழி என்றால் மொழி, அந்த நேரத்தில் வேறு எதுவும் குறுக்கே வராது. பாடநூல் கிடையாது. ஆசிரியர் ஒரு கதை சொல்வார். மறுநாள் பிள்ளைகள் அதைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் நோட்டில் படம் வரைந்து எழுதுவார்கள். இரண்டு சிகரம் உள்ள மலையை வரைந்து, அதற்குள்ளிருந்து ஆங்கில 'எம்' எழுத்தை எடுப்பார்கள். வாரக் கடைசியில் மகள் கொண்டுவரும் அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதலாம் வகுப்பிலேயே பின்னல் ஊசி கொடுத்துவிடுவார்கள், பையன்களுக்கும்தான். தன் புல்லாங்குழலுக்கு அவளே ஒரு உறை பின்னினாள். பின்னும்போது கண்ணி எண்ண வேண்டும், தப்பினால் பிரித்து மறுபடி பின்ன வேண்டும், பாதியில் எழுந்து போக முடியாது. கணக்கும் பொறுமையும் விரலுக்குப் பயிற்சியும் அதிலேயே வந்துவிட்டன. முழு அளவில் நடக்கும் ஸ்டைனர் பள்ளிகளில் ஒரே வகுப்பாசிரியர் எட்டு ஆண்டுவரை அதே பிள்ளைகளோடு மேலே போவார். என் மகளின் டீச்சருக்கு அவள் எப்போது வாயடைத்துப் போவாள், எதற்கு அழுவாள், எந்தக் கதை கேட்டால் நிமிர்ந்து உட்காருவாள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியும்.

வடிவம் வரைதல் என்று ஒரு பாடம் உண்டு. தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆசிரியர் பாதி வடிவம் போட்டுக் கொடுப்பார், வலப்பக்கம் பிள்ளை மறுபாதியை முடிக்க வேண்டும். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கோலந்தானே இது" என்று பேத்தியை வாசலுக்கு அழைத்துப் போய்ப் புள்ளி வைக்கச் சொன்னார். அவள் சிக்குக் கோலத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். இதை வைத்து எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேச நான் வரவில்லை. வாசலில் இருக்கும் கோலம் தானாக வகுப்பறைக்குள் வந்துவிடாது. எந்த வயதுக்கு எந்த வடிவம், அதற்கடுத்து என்ன என்று ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அவர்கள் யோசித்திருக்கிறார்கள். நாம் இன்னும் செய்யவில்லை.

அங்கே எனக்கு ஆறாத குறை, தமிழ் இல்லாததுதான். வட்டத்தில் பாடுவதெல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய், கொஞ்சம் மாண்டரின். கதையும் பாட்டும் கையும் சேர்ந்து மனத்தில் பதியும் வயதில், அந்தப் பதிவு முழுக்க வேறு மொழியில் நடக்கிறது. அவள் கனவில் பேசியதும் ஆங்கிலத்தில்தான். பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் அழைத்துப் போனது இதற்கா என்று என் கணவர் கேட்டார். மகளைத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றியதற்கு முதல் காரணம் இதுதான்.

இனிப் பெற்றோர் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியவை. ஸ்டைனரின் கல்விக்குப் பின்னால் ஆந்த்ரோபோசஃபி என்ற அவருடைய ஆன்மிகக் கொள்கை இருக்கிறது. பால்பல் விழுந்த பிறகுதான் பிள்ளை எழுத்துக்குத் தயார் என்பது, பிள்ளைகளை நான்கு குணவகையாகப் பிரிப்பது, மறுபிறவி, கர்மா எல்லாம் அதிலிருந்து வருகிறவை. கர்மா, மறுபிறவி என்றதும் நம் இந்துக் குடும்பங்கள் "நம்மதுதானே" என்று தலையாட்டிவிடுகின்றன. கோயிலில் கேட்கும் கர்மா வேறு, வகுப்பில் என் பிள்ளை அடி வாங்கியதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கர்மா வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பட்டர்வொர்த் குடும்பத்தின் பையனை அவன் மையத்தில் ஒரு பெரிய பையன் தொடர்ந்து அடித்துவந்தான். பெற்றோர் போய்க் கேட்டபோது, அது அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இடையே தீர வேண்டிய ஒன்று என்று பதில் வந்தது. அந்த வாரமே பெற்றோர் தங்கள் பையனை அங்கிருந்து நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு. இப்படிப்பட்ட புகார் வேறு நாட்டு ஸ்டைனர் பள்ளிப் பெற்றோரிடமிருந்தும் வந்திருக்கிறது.

ஸ்டைனரின் சொற்பொழிவுகளில் மனித இனங்களை மேல் கீழாகப் பேசும் இடங்களும் இருக்கின்றன. ஜெர்மனியின் வால்டோர்ஃப் பள்ளிகள் கூட்டமைப்பு 2007-இல் அறிக்கை விட்டு, தங்கள் பள்ளிகளில் இனப் பாகுபாட்டுக்கு இடமில்லை என்று அறிவித்தது. மையத்தில் சேர்க்கும் முன் இதை நேராகக் கேளுங்கள். பதறாமல் பதில் சொல்கிறவர்களிடம் பிள்ளையை விடலாம்.

சட்டத்தையும் பாருங்கள். மலேசியாவில் 2003-இலிருந்து ஆறு ஆண்டு தொடக்கக்கல்வி கட்டாயம். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. மையம் எதன் கீழ்ப் பதிவாகியிருக்கிறது என்று தாளில் பார்க்க வேண்டும். நாங்கள் வீட்டுக் கல்விக்குக் கல்வி அமைச்சிடம் அனுமதி வாங்கியிருந்தோம். பின்னாளில் இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் சான்றிதழ் வேண்டுமென்றால் மலாயிலும் வரலாற்றிலும் தேறியாக வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

தாமதமாகப் படிக்கத் தொடங்குவது பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கும், ஸ்டைனர் பள்ளியில் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளுக்கும் பதினோரு வயதுவாக்கில் வாசிப்புத் திறனில் வேறுபாடு தெரியவில்லை. நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலம் என்ற ஒரே மொழியில் வாசித்தவர்கள். இங்கே நம் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே தமிழின் 247 எழுத்தையும், ரோமன் எழுத்தில் மலாயையும் ஆங்கிலத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. என் மகள் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தபோது வகுப்பில் மற்றவர்கள் பத்தி பத்தியாக வாசித்தார்கள், அவள் உயிர்மெய் எழுத்தில் தடுமாறினாள். வயிற்றுவலி என்று காலையில் படுத்துக்கொள்வாள். அவள் ஆசிரியை பொறுமையானவர், அதனால் மீண்டாள். பொறுத்தால் வந்துவிடும் என்று சொல்லும் இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு: உண்மையிலேயே வாசிப்பில் குறைபாடு உள்ள பிள்ளையை எட்டு ஒன்பது வயதுவரை யாரும் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம் நாட்டிலும் ஏழு வயதில்தான் முதலாம் ஆண்டு என்று வைத்திருந்தார்கள். ஸ்டைனர் சொன்ன அதே வயது. நாலு வயதில் பயிற்றியை, அதாவது பயிற்சிப் புத்தகத்தை, திணித்தது பாலர் பள்ளிப் போட்டியும் நம் பயமும்தான். முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வே வேண்டாம் என்று அமைச்சு 2019-இல் எடுத்துவிட்டது. ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யு.பி.எஸ்.ஆர் தேர்வும் 2021-இல் போனது. இவ்வளவு இடம் கிடைத்தும் அந்த இடத்தைக் கடையில் வாங்கிய பயிற்றிகளால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1816-இல் இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். நிலப்பக்கத்துப் பழைய தோட்டப்பள்ளிகளில் சில 150-க்கும் குறைவான மாணவர்களோடு நடக்கின்றன. அமைச்சுக் கணக்கில் அவை 'குறைந்த மாணவர் பள்ளி'. அதையே காரணம் காட்டிப் பெற்றோர் விலகிப் போகிறார்கள். என் மகள் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். பள்ளியின் பின்னால் வாழையும் முருங்கையும் நிற்கும் நிலம் இருக்கிறது. தீவில் இதே அளவு வகுப்புக்கும் இதைவிடச் சிறிய தோட்டத்துக்கும் மாதாமாதம் பணம் கட்டினேன்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. முதலாம் ஆண்டு ஆசிரியரையே மூன்றாம் ஆண்டுவரை அதே பிள்ளைகளோடு விடுவது தலைமையாசிரியர் கால அட்டவணையில் செய்யக்கூடியது. காலையில் இருபது நிமிடம் கும்மியோடு வாய்ப்பாடு. வாரம் ஒரு நாள் கோல நோட்டு. பின்னல் ஊசி இல்லையென்றால் பூத்தொடுக்கச் சொல்லிக்கொடுக்கலாம், அதிலும் எண்ணிக்கையும் விரல் வேலையும் இருக்கின்றன. கதை சொல்ல நம் தாமானில் பாட்டிகளுக்கா பஞ்சம்? பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் பயிற்றிக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி போதும், வண்ணக்கட்டியும் நல்ல தாளும் வாங்கலாம். மலாயும் ஆங்கிலமும் அதன் நேரத்தில் நடக்கட்டும்.

எங்கள் பள்ளியில் கேட்டேன். தலைமையாசிரியர் முதலாம் ஆண்டு வகுப்புக்கு மட்டும், புதன்கிழமை காலை ஒரு மணி நேரம், ஒரு தவணைக்கு முயன்று பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியைக்கும் சம்மதம். கதை சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியும் புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு தம்பியும் கிடைத்துவிட்டார்கள். பின்னல் தெரிந்தவர், கும்மி சொல்லித்தரக்கூடியவர் இன்னும் வேண்டும். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம் பக்கம் இருப்பவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். சம்பளம் கொடுக்க முடியாது, பெட்ரோல் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும்.