அந்த பெனால்டிய தடுத்தது மேரி ஏர்ப்ஸ் இல்லங்க

2025 பெண்கள் யூரோ ஃபுட்பால் ஃபைனல்ல, இங்கிலாந்து-ஸ்பெயின் பெனால்டி ஷூட்அவுட்ல ஸ்பெயினோட பெனால்டிய தடுத்தது இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ்னு போட்டோவோட ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது தப்பு. அவங்க அந்த வருஷம் மே மாசமே இங்கிலாந்து டீம்ல இருந்து ரிட்டயர் ஆயிட்டாங்க, ஜூலை 27 பாசல்ல நடந்த அந்த ஃபைனல்ல கோல்கீப்பர் ஹானா ஹாம்ப்டன். ஸ்பெயினோட மரியோனா, அய்டானா ரெண்டு பேர் அடிச்சதையும் தடுத்தது இவங்கதான், சின்ன வயசுல கண்ணு பிரச்சனைக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பொண்ணு, ஃபுட்பாலே வேணாம்னு டாக்டருங்க சொன்னாங்களாம்!

ஏர்ப்ஸுக்கு இரவல் பெருமை தேவையே இல்ல. 2023 உலகக்கோப்பை ஃபைனல்ல ஸ்பெயினோட எர்மோசோ அடிச்ச பெனால்டிய தடுத்தாங்க, இங்கிலாந்து 1-0ன்னு தோத்தும் சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் க்ளவ் அவங்களுக்குத்தான்.

யூரோவ நடத்துற யூஇஎஃப்ஏ (UEFA) சைட்ல 2025 ஃபைனல் மேட்ச் ரிப்போர்ட் இருக்கு, பாத்துக்கோங்க. அந்த போட்டோவ இனிமே அனுப்பாதீங்க ப்ளீஸ்.