கோவில்காட்டுக் கருவேலம்: ஒரு திருத்தம்

"ராமநாதபுரம் கடலோரக் கோவில்காடுகளில் சீமைக் கருவேலத்தை வெட்டுவது சாமி குத்தம், அதன் பட்டையும் பல்லுக்கு மூலிகை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரால் வந்த குழப்பம் இது. பல்பொடிக்குப் பட்டை தருவது நாட்டுக் கருவேலம்: பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமாலை போல இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளக் கதிர். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. அய்யனார் அதற்கும் முன்னாலேயே இங்கே இருக்கிறார்!

சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடு உடைமரம், உகா, ஆவாரை மாதிரி மண்ணின் செடிகொடிகளுக்கானது, சீமைக் கருவேலத்துக்கு அல்ல. ஆடு சீமைக் கருவேலத்தின் காயைத் தின்று புழுக்கையோடு விதையைக் காட்டுக்குள் கொண்டுவந்து போடுகிறது. கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட்டால் வேலை சுலபம். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். அதற்காக பொக்லைனை உள்ளே விட்டுவிடாதீர்கள், உகாவும் சேர்ந்து போய்விடும்.