"வறுமையை விற்கிறார்கள்" என்று மேடையில் பேசியவருக்கு

மதுரைப் புகைப்படக் கண்காட்சியில் அந்தச் சிறப்பு விருந்தினர் பேசிய காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செங்கல் சூளைச் சிறுவனின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "வறுமையைப் படம் பிடித்து விற்பதும் ஒரு பிழைப்பா?" என்று கேட்டாரே, அதைத்தான் சொல்கிறேன். அவர் பேசியதைவிட, அதற்குக் கூட்டம் கைதட்டியதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆவணப் புகைப்படம் ஒரு சாட்சியம். 1908-இல் லூயிஸ் ஹைன் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்துப் போராடிய அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். முதலாளிகள் உள்ளே விடாத இடங்களில், பைபிள் விற்பவர் என்றும் தீத்தடுப்பு ஆய்வாளர் என்றும் சொல்லிக்கொண்டு நுழைந்தார். தன் கோட்டின் எந்தப் பொத்தான்வரை பிள்ளையின் தலை எட்டுகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டார். சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே, யாருக்கும் தெரியாமல் குறிப்பெழுதினார். தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் அவர் எடுத்த ஒரு படத்தில், நூற்பு இயந்திரத்தின் மேல் கையை வைத்தபடி ஒரு சிறுமி நிற்கிறாள். இயந்திரம் அவளைத் தாண்டி நீண்டுகொண்டே போகிறது. உயரம் 48 அங்குலம், அரை வருடமாக வேலை செய்கிறாள் என்று படத்துடன் எழுதிவைத்திருக்கிறார். சாட்சியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

"படமா சட்டம் கொண்டுவந்தது? இயக்கங்கள் அல்லவா?" என்று சிலர் கேட்பீர்கள். படம் மட்டுமே கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. 1916-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டத்துக்கு 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால், போராடியவர்களின் கையில் அந்தப் படங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகு, ஆலைக்குள் நடப்பது தெரியாது என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அந்த ஹைன் 1940-இல் வீட்டையும் இழந்து ஏழையாகத்தான் இறந்தார். வறுமையை விற்றவர் அப்படியா சாவார்?

"சிறுவனிடம் அனுமதி கேட்டார்களா?" என்பது நியாயமான கேள்வி, கேட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால், அவனைச் சூளையில் நிறுத்தியவர் யாரைக் கேட்டு நிறுத்தினார் என்று அந்த மேடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே, ஏன்? படம் எடுத்தவர்மீது வருகிற கோபம், படத்தில் இருப்பதன்மீது ஏன் வரவில்லை?

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா சாத்தூர்ப் பக்கத்தில், எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். விடிவதற்கு முன்பே ஊருக்குள் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கித்தான் ஏற்றுவார்களாம். நாள் முழுக்கக் கட்டை அடுக்க வேண்டும், அதாவது மரச்சட்டத்தின் காடிகளில், அந்தச் சின்னப் பள்ளங்களில், தீக்குச்சிகளை அடுக்க வேண்டும். காடி காடியாக, ஒவ்வொரு குச்சியாக. இன்றும் அரிசியில் கல் பொறுக்கும்போது அம்மாவின் விரல்கள் அதே வேகத்தில் ஓடுகின்றன. ஆனால், திருமணத்துக்கு முந்தைய படம் ஒன்றுகூட அவருக்குக் கிடையாது. அந்த வண்டிக்குள் யாராவது ஒருவர் கேமராவோடு ஏறியிருக்கக் கூடாதா என்று நான் எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன். அப்படி ஒருவர் ஏறியிருந்தால், அவரையும் இப்படித்தான் மேடையில் வைத்துக் கேவலப்படுத்தியிருப்பார்கள் போலும்.

நேற்று இரவு அந்தப் பஞ்சாலைச் சிறுமியின் படத்தை அம்மாவிடம் கைப்பேசியில் காட்டினேன். எந்த நாடு, எந்த வருடம் என்று எதையும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பிள்ளையின் கையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இந்தப் புள்ளைய எத்தன மணிக்குய்யா எழுப்பிவிட்டிருப்பாக?"